கைக்குள் அடங்கும் கணினியும் காக்க வேண்டிய நினைவுகளும்

(பள்ளியின் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய சிறப்புரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



இந்த மேடையில் பேசுகிறவர்கள் வழக்கமாகக் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவார்கள். அதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். நான் வானொலி, டி.வி., கணினி ஆகியவற்றைப் பழுதுபார்த்துப் பிழைப்பவன். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு சிறு கருவியைப் பற்றியும், அதை வைத்து நம் வீடுகளில் அவசரமாகச் செய்ய வேண்டிய ஒரு காரியத்தைப் பற்றியும் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற அக்கா ஒருவர், ஒரு நாள் பழைய பிஸ்கட் டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். உள்ளே மூன்று வீடியோ நாடாக்கள். ஒன்று 1989-இல் நடந்த மகள் கல்யாணம். இன்னொன்று 1991-இல் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. மூன்றாவது அதற்கடுத்த வருஷம் நடந்த பள்ளிப் பரிசளிப்பு விழா.

"தம்பி, திருவிழா டேப்புல எங்க வீட்டுக்காரரு தப்பு அடிக்கிறாரு. நடுவுல ஒரு தடவ என்னைய பேரு சொல்லிக் கூப்பிடுவாரு. அவரு போயி பதினெட்டு வருஷமாச்சு. போட்டுப் பாக்க வீட்டுல மிஷினு இல்ல. ஒரு தடவ போட்டுக் காட்டுப்பா" என்றார்.

நான் அவசரப்பட்டுவிட்டேன். கல்யாண நாடாவைத்தான் முதலில் எடுத்தேன். ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்ததைக் கவனிக்காமல் கருவிக்குள் தள்ளினேன். அது பூஞ்சணம். இரண்டு நிமிஷத்தில் படம் கலைந்தது, நாடா சிக்கியது, கருவியின் தலையும் கெட்டது. அந்தக் கல்யாணத்தில் பாதிக்கு மேல் இன்று வரை யாரும் பார்க்க முடியாமல் போனதற்கு நானே காரணம். இதை மேடையில் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நீங்கள் யாரும் இதைச் செய்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அதன் பிறகு நிதானமாகச் செய்தேன். திருவிழா நாடா முழுவதும் கிடைத்தது. பரிசளிப்பு விழாவில் முக்கால்வாசி கிடைத்தது. ஒரு சின்னக் கணினியில் அவற்றை ஏற்றி, அக்கா வீட்டு டி.வி.யில் மாட்டிக் கொடுத்தேன். கணவர் பெயர் சொல்லி அழைக்கும் இடம் வந்தபோது அக்கா ஒன்றும் பேசவில்லை. "இன்னொரு தடவ போடு தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அன்பர்களே, அந்தச் சின்னக் கணினிதான் இன்றைய என் பேச்சின் பொருள்.

காலம் எப்படி ஓடிவிட்டது

சிங்கப்பூரில் டி.வி. ஒளிபரப்பு 1963 பிப்ரவரி 15-இல் தொடங்கியது. கோலாலம்பூரில் அதே ஆண்டு டிசம்பர் 28-இல் தொடங்கியது. ஆகவே ஜொகூர் பாரு பக்கத்தில் ஏரியலைத் தெற்கே திருப்பி வைத்தவர்களும் உண்டு, வடக்கே திருப்பி வைத்தவர்களும் உண்டு. அன்று பல தோட்டங்களில் ஜெனரேட்டர் ஓடும் நேரத்துக்குத்தான் விளக்கு. டி.வி. இருந்த வீட்டில் லயமே கூடி உட்காரும். நம் நாட்டில் வண்ணத்தில் படம் தெரிந்தது 1978-இல். அதன் பிறகு வீடியோ நாடா வந்தது. 1976-இல் ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் வெளியிட்ட வி.எச்.எஸ். நாடா 80-களில் தோட்டங்கள் வரை வந்துவிட்டது. கல்யாணம், சடங்கு, தீமிதி, பள்ளி விழா எல்லாவற்றையும் ஒருவர் தோளில் கேமராவைச் சுமந்துகொண்டு படம் பிடித்தார்.

அந்த ஏரியல் காலமும் முடிந்தது. பழைய முறை ஒளிபரப்பு சிங்கப்பூரில் 2018 முடிவோடு நின்றது. மலேசியாவில் 2019 அக்டோபர் 31-இல் நின்றது. நாடாக் கருவியைக் கடைசி வரை செய்துவந்த ஜப்பானிய பூனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆக, நாடா இருக்கிறது, போட்டுப் பார்க்கக் கருவி இல்லை. இருக்கிற கருவிகளும் ஒவ்வொன்றாகச் சாகின்றன.

2015-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் தேசிய திரைப்பட ஒலி ஆவணக் காப்பகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. காந்த நாடாக்களில் இருப்பவற்றை 2025-க்குள் கணினிக்கு மாற்றாவிட்டால் பெரும்பாலானவை கைவிட்டுப் போய்விடும் என்றது. அந்தக் கெடு வந்தேவிட்டது. ஆஸ்திரேலியாவில் குளிரூட்டிய அறையில் வைத்திருப்பதற்கே அந்த நிலை என்றால், ஜொகூர் மழையில், தகரக் கூரைக்குக் கீழே, அலமாரி மேல் கிடக்கும் நம் நாடாக்களின் நிலை என்ன?

தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்தது. டி.பி. இராஜலட்சுமி நடித்த அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. ஊரே பார்த்த படத்துக்கே அந்தக் கதி. நம் தோட்டத்துத் திருவிழாவுக்கோ உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான். அது உங்கள் வீட்டு பிஸ்கட் டின்னில் இருக்கிறது.

ராஸ்பெரி பை என்னும் சின்னக் கணினி

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எபன் அப்டன் என்பவரும் அவருடைய நண்பர்களும் ஒரு குறையைக் கண்டார்கள். கணினித் துறையில் சேர விண்ணப்பிக்கும் மாணவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்தார்கள். வந்தவர்களுக்கும் கணினியைத் திறந்து நோண்டிப் பார்த்த அனுபவம் இல்லை. கெட்டுப்போனாலும் அப்பா அடிக்காத அளவுக்கு மலிவான ஒரு கணினி பிள்ளைகள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று நினைத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் ராஸ்பெரி பை. 2012 பிப்ரவரி 29-இல் விற்பனைக்கு வந்தது. அன்று விலை 35 அமெரிக்க டாலர். 2019-இல் நான்காம் மாதிரியும், 2023-இல் ஐந்தாம் மாதிரியும் வந்தன. இன்றைய விலை அதன் நினைவகத்தின் அளவைப் பொறுத்து மாறும்.

அளவு எவ்வளவு தெரியுமா? 85 மில்லிமீட்டர் நீளம், 56 மில்லிமீட்டர் அகலம். அதாவது நம் அடையாள அட்டை அளவுதான். இதற்குச் சொந்தமாகத் திரை இல்லை, விசைப்பலகை இல்லை. வீட்டு டி.வி.தான் இதற்குத் திரை. இது பிள்ளைகள் கற்பதற்காகச் செய்யப்பட்ட கருவி என்பதை நினைவில் வையுங்கள். ஆகவே இந்த வேலையைப் பெரியவர்கள் செய்து பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம். பிள்ளைகள் செய்து நமக்குக் காட்டட்டும்.

கரண்டுச் செலவு

அம்மாமார்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "பில்லு ஏறுமா?"

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாணவர்கள் மனத்தில் கூட்டிக்கொண்டே வாருங்கள். படம் ஓடும்போது நான்காம் மாதிரி ஏறக்குறைய 5 வாட் எடுக்கும். நாளுக்கு 4 மணி நேரம் ஓடினால் 20 வாட் மணி. முப்பது நாளைக்கு 600. அதாவது மாதத்துக்கு முக்கால் யூனிட்கூட இல்லை. அணைக்காமல் இரவும் பகலும் விட்டாலும் மாதம் 3.6 யூனிட்தான். 100 வாட் எடுக்கும் பழைய மேசைக் கணினியை அப்படி விட்டால் 72 யூனிட் ஆகும். இருபது மடங்கு வித்தியாசம். டி.வி. எடுக்கும் கரண்டு இரண்டுக்கும் பொது; அது தனிக் கணக்கு.

தேவையானவை, செய்முறை

சின்னக் கணினி ஒன்று. அதற்கே உரிய மின் இணைப்பான் ஒன்று. கைப்பேசி சார்ஜர் போதும் என்று நினைக்காதீர்கள், கரண்டு பற்றாமல் நடுவில் நின்றுவிடும். வெப்பத்தை வெளியேற்றும் உலோக உறை ஒன்று. 16 அல்லது 32 ஜி.பி. கொள்ளும் நினைவு அட்டை ஒன்று. டி.வி.யில் இணைக்க எச்.டி.எம்.ஐ. கம்பி ஒன்று, நான்காம், ஐந்தாம் மாதிரிகளில் கணினிப் பக்கத்து முனை சிறியதாக இருக்கும், பார்த்து வாங்குங்கள். படங்களை வைக்க வெளி வன்தட்டு ஒன்று. புதிதாக வாங்க வசதி இல்லாதவர்கள், அலுவலகங்களில் கழித்துவிடும் சிறு பெட்டிக் கணினிகளை வாங்கலாம். கரண்டு சற்றுக் கூடும், வேலை ஒன்றுதான்.

இனி மென்பொருள். இந்த வேலைக்கு உலகெங்கும் பயன்படுத்தப்படும் மென்பொருளின் பெயர் 'கோடி'. 2002-இல் எக்ஸ்பாக்ஸ் என்னும் விளையாட்டுப் பெட்டிக்காகத் தொண்டர்கள் தொடங்கியது. 2014-இல்தான் இந்தப் பெயர் வந்தது. பெயர்தான் கோடி, விலை ஒரு காசு இல்லை. கோடியை மட்டும் தாங்கி நிற்கும்படி செய்த சிறிய இயங்குதளத்துக்கு லிப்ரஎலெக் என்று பெயர். அதுவும் இலவசம்.

வேறொரு கணினியில் ராஸ்பெரி பை இமேஜர் என்னும் இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் உங்கள் மாதிரியைத் தேர்ந்து, லிப்ரஎலெக்கைத் தேர்ந்து, நினைவு அட்டையில் எழுதச் சொல்லுங்கள். அட்டையில் ஏற்கெனவே இருந்தது அழிந்துவிடும். அதனால் பழைய படங்கள் உள்ள அட்டையை எடுத்துவிடாதீர்கள். எழுதி முடிந்ததும் அட்டையைச் சின்னக் கணினியில் செருகி, டி.வி.யோடு இணைத்து, கடைசியாகக் கரண்டைக் கொடுங்கள். சிறிது நேரத்தில் டி.வி.யில் வரவேற்புத் திரை வரும். அது கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு, வன்தட்டைச் செருகி, படப் பகுதியில் அந்தத் தட்டில் உள்ள கோப்புறையைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. நிழற்படங்களுக்கும் பாட்டுகளுக்கும் இதே முறைதான்.

தமிழ்ப் பெயர்கள் கட்டங்கட்டமாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். அமைப்புப் பகுதியில் தோற்றம் என்பதற்குள் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலான புது டி.வி.களில், டி.வி.யின் ரிமோட்டாலேயே இதையும் இயக்கலாம். தாத்தா பாட்டிக்கு இன்னொரு ரிமோட்டைப் பழக்க வேண்டியதில்லை. அணைக்கும்போது மட்டும் திரையில் அணைக்கச் சொல்லிவிட்டுப் பிறகு சுவிட்சைத் தட்டுங்கள். நேராகத் தட்டினால் அட்டை கெட்டுவிடும். இடி மழை வந்தால் பிளக்கையே பிடுங்கி வையுங்கள்.

நாடாவிலிருந்து மாற்றுவது

இது பொறுமை வேலை. ஓடுகிற நாடாக் கருவி ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிகளை யூ.எஸ்.பி.க்கு மாற்றும் சிறு கருவி கணினிக் கடைகளில் கிடைக்கும். அதை மடிக்கணினியில் செருகி, ஓ.பி.எஸ். போன்ற இலவச மென்பொருளால் பதிவு செய்யலாம். மூன்று மணி நேர நாடாவுக்கு மூன்று மணி நேரம் ஆகும், குறுக்குவழி இல்லை. ஒரு மணி நேரப் படம் நல்ல தரத்தில் ஏறக்குறைய 1.8 ஜி.பி. பிடிக்கும். ஆயிரம் ஜி.பி. வன்தட்டில் ஐந்நூறு மணி நேரத்துக்கு மேல் அடங்கும். நம் தோட்டத்து நாடாக்கள் எல்லாமே ஒரு தட்டில் அடங்கிவிடும்.

போடும் முன் நாடாவின் சிறு ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பூப்போல் தெரிந்தால் கருவிக்குள் போடவே போடாதீர்கள். தனியாக உலர்ந்த இடத்தில் எடுத்து வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நான் செய்த தவறு ஒன்றே போதும். மாற்றி முடித்த பிறகும் நாடாவை வீசிவிட வேண்டாம்.

ஒரே தட்டில் வைத்துவிட்டு நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள். தட்டும் ஒரு நாள் நிற்கும். மூன்று பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வேறொரு தட்டில், ஒன்று வெளியூரில் இருக்கும் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ. வீட்டில் வெள்ளம் வந்தாலும் வெளியூரில் ஒன்று மிஞ்சும்.

ஓர் எச்சரிக்கை

"இதுல புதுப்படம் எல்லாம் ஓசியில வருமா அண்ணே?" என்று சில தம்பிமார்கள் கேட்கிறார்கள். கோடி மென்பொருளில் தவறு ஒன்றும் இல்லை. அது ஓர் அலமாரி மாதிரி. அதில் திருட்டுச் சாமானை வைப்பதுதான் தவறு. நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டது. திருட்டுத்தனமாகப் படங்களைக் கொண்டுவரும் பெட்டிகளைச் செய்தாலும், விற்றாலும், விநியோகித்தாலும் 10,000 வெள்ளி முதல் 200,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். யாராவது மலிவு விலையில் "எல்லாம் வரும்" என்று ஒரு பெட்டியை நீட்டினால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொரு கேள்வி ஆசிரியர்கள் கேட்டது: "ஏற்கெனவே பிள்ளைகள் திரையை விட்டு நகர்வதில்லை. இன்னொரு திரை வேண்டுமா?" நியாயமான கேள்வி. என் பதில் இதுதான். கைப்பேசியை ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். இதை வீடே கூடி உட்கார்ந்து பார்க்கும். பழைய டி.வி. வீட்டில் லயம் கூடியது போல.

அக்கா வீட்டில் அதைத்தான் பார்த்தேன். திருவிழாப் படம் ஓடியபோது அக்கம்பக்கத்தார் வந்துவிட்டார்கள். அந்தத் தோட்டத்தில் இன்று லயம் இல்லை, இடித்துவிட்டார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனால் திரையில் லயம் நின்றது, ஆயாக்கொட்டகை நின்றது, பெரட்டுக் களம் நின்றது. பேரப்பிள்ளைகள் விடாமல் கேட்டார்கள். "அது யாரு பாட்டி? அந்தத் தாத்தா ஏன் அழுவுறாரு? அந்த மரம் எங்க இருந்துச்சு?" பாட்டி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊருக்குப் போனது, யார் இல்லை, யார் இருக்கிறார் என்று. பள்ளிக்கூடத்து வரலாற்றுப் பாடத்தில் இல்லாத வரலாறு அது.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நாடாவைக் காப்பாற்றினால் முகம் கிடைக்கும்; பெயர் கிடைக்காது. பெயர் பாட்டியின் தலைக்குள் இருக்கிறது. அதற்குப் பிரதி எடுக்க எந்தக் கணினியாலும் முடியாது. பிள்ளைகள்தான் எழுத வேண்டும்.

ஆகவே மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஒவ்வொரு படத்துக்கும் ஆண்டு, நிகழ்ச்சி, தோட்டம் என்ற வரிசையில் பெயர் வையுங்கள். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். எத்தனையாவது நிமிஷத்தில் யார் தெரிகிறார், அவர் என்ன வேலை பார்த்தார், இப்போது எங்கே இருக்கிறார் என்று தமிழில் எழுதுங்கள். பாட்டி சொல்கிற வார்த்தையிலேயே எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் ஆசிரியர் திருத்திக்கொடுப்பார்.

பெற்றோர்களே, வரும் பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் இந்த மண்டபத்திற்கு வருகிறேன். ஒரு நாடாக் கருவி, ஒரு மடிக்கணினி, ஒரு சின்னக் கணினி கொண்டு வருகிறேன். ஒரு வீட்டுக்கு ஒரு நாடா கொண்டு வாருங்கள். மாற்றிக் கொடுக்கக் காசு வேண்டாம். பசியாறல் வாங்கிக் கொடுத்தால் போதும். ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் நான்கு பேர் எனக்கு உதவிக்கு வேண்டும். அடுத்த வருஷம் அந்த வேலையை அவர்களே செய்வார்கள்.

அக்காவின் மூன்றாவது நாடாவைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். 1992 பரிசளிப்பு விழா. அதில் ஒரு பையன் மேடையேறிக் கணிதப் பரிசு வாங்கிவிட்டு, இறங்கும்போது படியில் தடுக்கி விழுகிறான். கூட்டம் சிரிக்கிறது. முன் வரிசையில் இருந்து ஓர் அம்மா எழுந்து ஓடிவந்து தூக்கிவிடுகிறார். அந்தப் பையன் நான். அந்த அம்மா என் அம்மா. என் வீட்டில் அவருடைய நிழற்படங்கள் உண்டு. அவர் நடந்து நான் பார்த்தது அந்த நாடாவில்தான். யாரோ ஒருவர் வீட்டு பிஸ்கட் டின்னில் என் அம்மா இருந்தார். உங்கள் வீட்டு டின்னில் யாருடைய அம்மா இருக்கிறாரோ, தேடிப் பாருங்கள்.